விழுந்தது யார் தவறு?



கணிப்பொறியிலோ கைபேசியிலோ ஓடிக் குதிக்கும் விளையாட்டு ஒன்றை நீங்கள் ஆடியிருப்பீர்கள். ஒரு சின்ன உருவம் மேடையின் மேல் ஓடுகிறது. மேடை முடியும் இடத்தில் ஒரு பள்ளம். விளிம்பு வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். நீங்களும் அழுத்துகிறீர்கள். ஆனால் உருவம் குதிக்கவில்லை; பள்ளத்தில் விழுந்துவிடுகிறது.

“நான் சரியாகத்தான் அழுத்தினேன்!” என்று கூச்சலிடுகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் நண்பன் சிரிக்கிறான். “இல்லை, நீ தாமதமாக அழுத்தினாய்” என்கிறான். கணிப்பொறியைக் கேட்டால் அதுவும் நண்பன் பக்கம்தான் பேசும்.

யார் சொல்வது உண்மை? இருவர் சொல்வதும் உண்மை! அது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இது விளையாட்டு விஷயம் போலத் தோன்றும். ஆனால் நீங்கள் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் அளவீடும் பிழையும் இதற்குள் ஒளிந்திருக்கின்றன.

இரண்டு நாளில் ஒரு விளையாட்டு

‘கேம் ஜாம்’ என்று ஒரு போட்டி உண்டு. இது ரொட்டியில் தடவும் ஜாம் அல்ல. இசைக் கலைஞர்கள் சிலர் கூடி, முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல் அப்போதைக்கு அப்போது கற்பனை செய்து வாசிப்பதை ‘ஜாம்’ என்பார்கள். அதைப்போலவே, சிலர் ஓரிடத்தில் கூடி, குறுகிய நேரத்துக்குள் ஒரு கணிப்பொறி விளையாட்டை முழுதாக உருவாக்குவது கேம் ஜாம். 2002-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் இப்படி ஒரு கூட்டம் நடந்தது. அதே ஆண்டில் ‘லூடும் டாரே’ என்ற போட்டியும் தொடங்கியது. 2009-ஆம் ஆண்டு ‘குளோபல் கேம் ஜாம்’ என்ற பெயரில் பல நாடுகளிலும் ஒரே வார இறுதியில் 48 மணி நேரப் போட்டி நடத்தப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் இதேபோன்ற ஒரு 48 மணி நேரப் போட்டியில் கலந்துகொண்டார்கள். துணைக்குச் சென்றவன் நான். எனக்குக் கொடுத்த வேலை தேநீர் வாங்கிக் கொடுப்பதும், யாராவது மேசையிலேயே தூங்கிவிட்டால் எழுப்புவதும்தான். என்னோடு வந்த இரண்டு மாணவிகள் ஓடிக் குதிக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். நாற்பதாவது மணி நேரம். அவர்களுள் ஒருத்தியின் தங்கை, ஒன்பதாம் வகுப்பு படிப்பவள், சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். “நீதான் முதல் ஆள், ஆடிப் பார்” என்று அவளை உட்கார வைத்தார்கள்.

அவள் ஆடினாள், விழுந்தாள். மறுபடியும் ஆடினாள், மறுபடியும் விழுந்தாள். அதே பள்ளத்தில் பத்து முறைக்கு மேல் விழுந்திருப்பாள்.

“நீ லேட்டா அழுத்துறடி” என்றாள் அக்கா.

“இல்லக்கா, கரெக்டாதான் அழுத்துறேன்.”

இன்னும் இரண்டு முறை விழுந்தாள். பிறகு பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “போக்கா, எனக்கு இதெல்லாம் வராது” என்று சொல்லிவிட்டுத் தூக்கைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. கணக்கு வராது, இயற்பியல் வராது என்று சொல்லும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒரு பொருளின் குறையைத் தன் குறை என்று ஒருவர் எண்ணிக்கொள்வது எத்தனை எளிதாக நடந்துவிடுகிறது! குறை யாருடையது என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டாமா?

வெந்நீரும் பின்னூட்டமும்

குளிப்பதற்கு வெந்நீர் விளாவுகிறீர்கள். கொதிக்கும் நீரில் கொஞ்சம் குளிர்ந்த நீரை ஊற்றி, கையை விட்டுப் பார்க்கிறீர்கள். இன்னும் சூடாக இருக்கிறது. மேலும் கொஞ்சம் ஊற்றுகிறீர்கள். இப்போது பதம். இங்கே என்ன நடந்தது? நீங்கள் ஒரு செயல் செய்தீர்கள். அதன் விளைவு உங்கள் கைக்குத் திரும்பி வந்தது. அதற்கேற்ப அடுத்த செயலை மாற்றிக்கொண்டீர்கள். இப்படி, விளைவு திரும்பி வந்து செயலைத் திருத்துவதற்குப் ‘பின்னூட்டம்’ என்று பெயர்.

இப்போது ஒரு கற்பனை. நீரின் சூடு உங்கள் கைக்கு உடனே தெரியாமல், ஒரு நிமிடம் கழித்தே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? “இன்னும் சூடு, இன்னும் சூடு” என்று ஊற்றிக்கொண்டே போவீர்கள். கடைசியில் பனிக்கட்டி போன்ற நீரில் குளிப்பீர்கள். பின்னூட்டம் வந்தால் மட்டும் போதாது. உரிய நேரத்திலும் வர வேண்டும்.

கணிப்பொறி விளையாட்டில் இத்தகைய சுற்றுகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது, விரலுக்கும் திரைக்கும் இடையே ஓடும் சிறிய சுற்று. இது ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். இரண்டாவது, ஆடுபவருக்கும் விளையாட்டைச் செய்தவருக்கும் இடையே ஓடும் பெரிய சுற்று. தங்கை விழுந்ததைப் பார்த்து அக்கா விளையாட்டைத் திருத்தினால் இந்தப் பெரிய சுற்று முழுமை பெறும். “நீ லேட்டா அழுத்துறடி” என்று சொல்லி நிறுத்திவிட்டால் சுற்று அங்கேயே அறுந்துபோகும்.

கணிப்பொறியின் கடிகாரம்

முதலில் சிறிய சுற்றைப் பார்ப்போம். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 அசையாப் படங்கள் ஓடுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு படத்தையும் ஒரு பிரேம் என்கிறோம். கணிப்பொறி விளையாட்டிலும் அப்படித்தான். பல விளையாட்டுகள் வினாடிக்கு 30 அல்லது 60 பிரேம் வேகத்தில் ஓடுகின்றன. வினாடிக்கு 30 என்றால் ஒரு பிரேமின் காலம் 1/30 வினாடி, அதாவது சுமார் 0.033 வினாடி.

ஒவ்வொரு பிரேமிலும் கணிப்பொறி சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. பொத்தான் அழுத்தப்பட்டதா? உருவத்தின் கால் தரையில் இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் குதிக்கலாம். இல்லையென்றால் குதிக்க முடியாது. கால் தரையைவிட்டு விலகி ஒரே ஒரு பிரேம் ஆகியிருந்தாலும் கணிப்பொறிக்கு அது ‘இல்லை’தான். அதற்கு இரக்கம் தெரியாது.

மனிதக் கை எப்படி? இதை நீங்களே அளக்கலாம்.

சோதனை 1: ஒரு 30 செ.மீ. அளவுகோலை நண்பர் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் கீழ்முனை, அதாவது பூச்சியக் குறி, உங்கள் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே, விரல்களைத் தொடாமல் இருக்கட்டும். நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் அளவுகோலை விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். எத்தனை செ.மீ. குறியில் பிடித்தீர்கள் என்று பாருங்கள். விழும் பொருளுக்கு h = ½gt² என்ற சூத்திரம் உங்களுக்குத் தெரியுமே. அதன்படி 10 செ.மீ. என்றால் 0.14 வினாடி, 15 செ.மீ. என்றால் 0.17 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.20 வினாடி, 25 செ.மீ. என்றால் 0.23 வினாடி. பெரும்பாலோருக்கு 0.2 வினாடியை ஒட்டியே விடை வரும். அந்த நேரத்துக்குள் கணிப்பொறி ஆறு பிரேம்களைக் கடந்துவிடும்!

சோதனை 2: இம்முறை நண்பர் “மூன்று, இரண்டு, ஒன்று” என்று சீராக எண்ணிவிட்டு அளவுகோலை விடட்டும். இப்போது நீங்கள் இன்னும் விரைவாகப் பிடிப்பீர்கள். சில சமயம் அளவுகோல் விழுவதற்கு முன்பே விரலை மூடிவிடுவீர்கள். காரணம், இம்முறை நீங்கள் பார்த்துவிட்டுச் செயல்படவில்லை, எதிர்பார்த்துச் செயல்பட்டீர்கள். பந்து வரும் நேரத்தைக் கணித்து மட்டையை வீசுவது போன்றது இது. ஆனால் பலமுறை செய்து பாருங்கள். எப்போதும் ஒரே அளவு வராது. சில முறை சற்று முந்தும், சில முறை சற்றுப் பிந்தும்.

பள்ளத்தின் விளிம்பில் குதிப்பது இரண்டாவது சோதனையைப் போன்றது. விளிம்பு வருவது கண்ணுக்குத் தெரிகிறது. அதை எதிர்பார்த்துத்தான் அழுத்துகிறோம்.

விளிம்பில் ஒரு பிழைக் கணக்கு

இப்போது யோசித்துப் பாருங்கள். பள்ளம் அகலமாக இருக்கிறது. முன்கூட்டியே குதித்தால் அக்கரையை எட்ட முடியாது. ஆகவே புத்திசாலியான ஆட்டக்காரர் என்ன செய்வார்? விளிம்பின் கடைசிப் புள்ளியில் குதிக்கவே முயல்வார். அந்தக் கடைசிக் கணத்தைக் குறிவைத்து அழுத்துவார்.

ஆனால் கையின் நேரம் சற்று முந்தும், சற்றுப் பிந்தும் என்று கண்டோம் அல்லவா? இரண்டும் சம வாய்ப்புடன் நடப்பதாகக் கொள்வோம். அப்படியானால் குறி மிகச் சரியாக இருந்தாலும்கூட, ஏறக்குறைய பாதி முயற்சிகளில் அவர் பிந்திவிடுவார், பள்ளத்தில் விழுவார்! அவருக்குத் திறமை குறைவு என்பதாலா? இல்லை. ஒரே நீளத்தைப் பத்து முறை அளந்தால் பத்து விடைகள் சற்றே மாறுபட்டு வருகின்றனவே, அதே ஒழுங்கற்ற பிழைதான் இது.

இத்துடன் முறையான பிழை ஒன்றும் சேர்கிறது. பொத்தானை அழுத்திய செய்தி கணிப்பொறியை அடையச் சிறிது நேரம் ஆகும். கணிப்பொறி கணக்கிட்ட படம் திரையில் தோன்ற மேலும் சிறிது நேரம் ஆகும். ஆகவே ஆட்டக்காரர் பார்ப்பது எப்போதும் சற்றுப் பழைய படம். அவர் கண்ணுக்கு உருவம் இன்னும் மேடைமேல் இருக்கிறது. கணிப்பொறியின் கணக்கிலோ அது ஏற்கெனவே மேடையைத் தாண்டிவிட்டது. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது அதன் பழைய ஒளியைப் பார்க்கிறோம் என்று படித்திருப்பீர்கள். இங்கே தூரமும் காலமும் மிகச் சிறியவை, அவ்வளவுதான் வேறுபாடு.

எனவே “சரியாகத்தான் அழுத்தினேன்” என்பது ஆட்டக்காரரின் கண் சொல்லும் உண்மை. “தாமதமாக அழுத்தினாய்” என்பது கணிப்பொறியின் கடிகாரம் சொல்லும் உண்மை. இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. அவ்வாறானால் எந்தக் கடிகாரத்தைத் திருத்துவது? மனிதக் கையைத் திருத்த நம்மால் ஆகாது. கணிப்பொறியின் விதியைத் திருத்தலாம்.

ஒரு மலையேற்றம் சொல்லும் பாடம்

இதை அழகாகச் செய்து காட்டிய விளையாட்டு ஒன்று உண்டு. 2015-இல் மேடி தோர்சன், நோயல் பெர்ரி என்ற இருவர் ஒரு கேம் ஜாமில் நான்கே நாட்களில் ‘செலெஸ்ட்’ என்ற விளையாட்டைச் செய்தார்கள். ‘பிக்கோ-8’ என்ற அமைப்புக்காகச் செய்யப்பட்டது அது. இந்த அமைப்பில் திரை முழுவதும் 128-க்கு 128 புள்ளிகள்தான், 16 வண்ணங்கள்தான். மலையேறும் கதாநாயகியின் உருவம் வெறும் 8 புள்ளி உயரம். பின்னர் இதையே பெரிதாக வளர்த்து 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் முழு விளையாட்டாக வெளியிட்டார்கள். உலகெங்கும் புகழ் பெற்றது அது.

பிக்கோ-8 விளையாட்டுகளின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நானும் படித்தேன். இயற்பியல் ஆசிரியனுக்கு அது ஒரு விருந்து.

முதலில் குதிப்பைப் பாருங்கள். உருவம் மேல்நோக்கிப் புறப்படும் வேகம் ஒரு பிரேமுக்கு 2 புள்ளி. புவியீர்ப்பு முடுக்கம் ஒரு பிரேமுக்கு 0.21 புள்ளி வீதம். u²/2g என்ற சூத்திரத்தில் இட்டால் உயரம் 4/0.42, அதாவது சுமார் 9.5 புள்ளி. தன் உயரத்தைவிடச் சற்று அதிகமாகக் குதிக்கிறது. உச்சியை அடைய ஆகும் நேரம் u/g, அதாவது சுமார் 9.5 பிரேம். இந்த விளையாட்டு வினாடிக்கு 30 பிரேம் வேகத்தில் ஓடுவதால் அது சுமார் 0.3 வினாடி.

இதில் ஒரு வேடிக்கை. அந்த உருவம் 1.5 மீட்டர் உயரமுள்ள ஒருவர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்த மலையில் புவியீர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 35 மீட்டருக்கு மேல் வருகிறது! நம் பூமியில் உள்ளதைப்போல் மூன்றரை மடங்கு. ஏன் இவ்வளவு? நம் புவியீர்ப்பை அப்படியே வைத்து அதே உயரம் குதிக்க வேண்டுமானால், மேலே போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஆடுபவருக்கு உருவம் பலூன் போல மிதப்பதாகத் தோன்றும். தன் விரலுக்கு விளையாட்டு தாமதமாகப் பதில் சொல்வதாகத் தோன்றும். விளையாட்டின் இயற்பியல், பாடப்புத்தகத்தின் எண்ணுக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆடுபவரின் கைக்குக் கட்டுப்பட்டது.

விளிம்புச் சிக்கலை அவர்கள் எப்படித் தீர்த்தார்கள்? கால் தரையில் இருக்கும்போதெல்லாம் ஓர் எண்ணில் 6 என்று எழுதிவைக்கிறது நிரல். கால் தரையைவிட்டு விலகியதும் ஒவ்வொரு பிரேமுக்கும் அதில் ஒன்று குறைகிறது. அந்த எண் பூச்சியம் ஆகாதவரை, தரையில் இல்லாவிட்டாலும் குதிக்கலாம்! ஆறு பிரேம் என்றால் 0.2 வினாடி. நிரலில் இந்த எண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கிரேஸ்’. தமிழில் கருணை எனலாம்.

விளையாட்டு உருவாக்குவோர் இந்தச் சலுகையைக் ‘கயோட்டி நேரம்’ என்பார்கள். கயோட்டி என்பது வட அமெரிக்காவில் வாழும், ஓநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கு. 1949-இல் வெளிவரத் தொடங்கிய ஒரு கார்ட்டூன் படவரிசையில் வரும் கயோட்டி, மலை விளிம்பைத் தாண்டியும் காற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே குனிந்து பார்த்த பிறகுதான் விழும். பெயர் அங்கிருந்து வந்தது.

காற்றில் குதித்தால் ஏமாற்று வேலை போலத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. உருவத்தின் ஓட்டம் ஒரு பிரேமுக்கு அதிகபட்சம் ஒரு புள்ளி. ஆறு பிரேமில் அது ஆறு புள்ளிதான் தாண்டியிருக்கும். உருவத்தின் அகலமே எட்டுப் புள்ளி. விரைவாக ஓடும் ஆட்டத்தில் கண் இதைக் கவனிப்பதே இல்லை. ஆடுபவருக்கு, “சரியான நேரத்தில் குதித்தேன்” என்ற உணர்வு மட்டுமே மிஞ்சும்.

எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது, கால் தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே அடுத்த குதிப்புக்கு அழுத்திவிடுகிறோம். கணிப்பொறி அதையும் ‘இல்லை’ என்று ஒதுக்கிவிடும். செலெஸ்ட் அதை ஒதுக்குவதில்லை. அழுத்தியதை 4 பிரேம் வரை, அதாவது சுமார் 0.13 வினாடி நினைவில் வைத்திருக்கிறது. அதற்குள் கால் தரையைத் தொட்டால் உடனே குதிக்கிறது. இரயிலில் இடம் முன்பதிவு செய்வதுபோல, குதிப்பை முன்பதிவு செய்துகொள்கிறோம்!

விளையாட்டு பேசும் மொழி

சலுகை கொடுப்பது ஒரு பாதி. நடந்ததை ஆடுபவருக்குத் தெரிவிப்பது மறு பாதி. செலெஸ்டில் கதாநாயகி காற்றில் ஒருமுறை பாய்ந்து செல்லலாம். அந்தப் பாய்ச்சல் மீதம் இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? திரையின் மூலையில் ஓர் எண்ணைப் போட்டிருக்கலாம். ஆனால் ஆடுபவரின் கண் மூலைக்குப் போனால் விளிம்பைத் தவறவிடும். ஆகவே அவர்கள் செய்தது, பாய்ச்சல் இருந்தால் அவள் கூந்தல் சிவப்பு, தீர்ந்துவிட்டால் நீலம். கண் எங்கே இருக்கிறதோ அங்கேயே செய்தி கிடைத்துவிடுகிறது.

பாயும் கணத்தில் ஆட்டம் இரண்டு பிரேம் அப்படியே உறைந்து நிற்கிறது. திரை சற்றே அதிர்கிறது. ‘உன் கட்டளை கிடைத்தது’ என்பதற்கு அடையாளம் இது. முள்ளில் பட்டுவிட்டால் எட்டுத் திசைகளில் எட்டுத் துகள்கள் தெறிக்கின்றன. 15 பிரேம், அதாவது அரை வினாடிக்குப் பிறகு அதே அறை மறுபடி தொடங்குகிறது. தவறியதற்கு நீண்ட தண்டனை இல்லை. என்ன தவறு செய்தோம் என்பது நினைவில் பசுமையாக இருக்கும்போதே அடுத்த முயற்சி கிடைத்துவிடுகிறது. தேர்வுத்தாளை மறுநாளே திருத்திக் கொடுக்கும் ஆசிரியருக்கும், மூன்று மாதம் கழித்துக் கொடுக்கும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

எதற்கும் அளவு உண்டு. கருணை நேரத்தை ஒரு முழு வினாடி ஆக்கினால் உருவம் ஆகாயத்தில் நடப்பது வெளிப்படையாகத் தெரியும். பள்ளத்துக்கே பொருள் இல்லாமல் போகும். ஒவ்வோர் அடிக்கும் திரை குலுங்கினால் தலைவலிதான் மிஞ்சும். 2018-இல் வந்த முழு விளையாட்டில் விளிம்புச் சலுகை 0.1 வினாடிதான். ஆனால் அதிலேயே ‘உதவி முறை’ என்ற ஒன்றை வைத்தார்கள். தேவைப்படுபவர் விளையாட்டின் வேகத்தைப் பாதிவரை குறைத்துக்கொள்ளலாம். மலை எல்லோருக்கும் பொது. ஏறும் வேகம் அவரவர் விருப்பம்.

ஆடுபவரைப் பார்ப்பது எப்படி?

இனிப் பெரிய சுற்றுக்கு வருவோம். அந்த இரண்டு மாணவிகளுக்கும் எட்டு மணி நேரம் மிச்சம் இருந்தது. இன்னும் இரண்டு புதிய அறைகள் சேர்ப்பதாக அவர்களுடைய திட்டம். “புதிய அறைகளா, இந்தப் பள்ளமா?” என்று வாதாடினார்கள். “பள்ளத்தை அகலம் குறைத்துவிடலாம்” என்றாள் ஒருத்தி. நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: “முதலில் அளந்து பாருங்கள்.”

ஒவ்வொரு முறை விழும்போதும், மேடையைவிட்டு எத்தனை பிரேம் கழித்துப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை எழுதிவைக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தார்கள். பக்கத்து மேசைப் பையன்கள் இருவரை ஆடச் சொன்னார்கள். அவர்களும் விழுந்தார்கள். எழுதிய எண்களைப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு! பள்ளத்தின் அகலத்தில் குறை இல்லை. குறை, அந்த ‘இல்லை’ என்ற விதியில்.

ஆடுபவர் சொல்வதைக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நோயாளி மருத்துவரிடம் “இங்கே வலிக்கிறது” என்றால் அதை நம்ப வேண்டும். ஆனால் “எனக்கு இன்ன மாத்திரை கொடுங்கள்” என்றால் யோசிக்க வேண்டும். விளையாட்டிலும் அப்படியே. “இந்த இடம் எரிச்சலாக இருக்கிறது” என்று ஆடுபவர் சொன்னால் அது பெரும்பாலும் உண்மை. “பள்ளத்தைச் சின்னதாக்கு” என்பது அவர் ஊகிக்கும் மருந்து. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

நீங்களும் நண்பர்களோடு ஒரு விளையாட்டைச் செய்யலாம். கணிப்பொறி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அட்டையில் கட்டம் போட்டு, காய் நகர்த்தும் விளையாட்டாகவும் இருக்கலாம். அதை இன்னொருவர் முதன்முறை ஆடும்போது இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லா ஆட்டக்காரர் பக்கத்திலும் உட்கார்ந்து விளக்க முடியாது.

2. அவர் சொல்வதோடு, அவர் கை செய்வதையும் பாருங்கள். எங்கே தயங்குகிறது, எதை இருமுறை தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஒருவர் தவறினால் தற்செயல் என்று விடலாம். மூன்று பேர் ஒரே இடத்தில் தவறினால் விளையாட்டைச் சந்தேகியுங்கள்.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது. ஆய்வுக்கூடத்திலும் இதுதானே விதி?

5. முன்பே ஆடியவர் பழகியிருப்பார். மாற்றத்துக்குப் பிறகு, முடிந்தால் புதிய ஒருவரை ஆடச் சொல்லுங்கள்.

இனி ஒரு கணக்கு. ஒரு விளையாட்டு வினாடிக்கு 60 பிரேம் வேகத்தில் ஓடுகிறது. உருவம் ஒரு பிரேமுக்கு 2 புள்ளி நகர்கிறது. 0.1 வினாடி கருணை நேரம் கொடுத்தால், உருவம் விளிம்பைத் தாண்டி எத்தனை புள்ளி தூரம்வரை குதிக்க முடியும்? உருவத்தின் அகலம் 16 புள்ளி என்றால், அந்தச் சலுகை கண்ணுக்குத் தெரியுமா? நீங்களே கணக்கிட்டு நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.

அன்று மாணவிகள் இருவரும் புதிய அறைகளைக் கைவிட்டார்கள். நிரலில் நான்கைந்து வரிகள் மட்டும் சேர்த்தார்கள். தூக்கைக் கழுவிக்கொண்டு திரும்பிய தங்கையிடம், என்ன மாற்றினோம் என்று சொல்லாமல், “இன்னொரு தடவை ஆடுறியா?” என்று கேட்டார்கள். அவள் அரைமனதாக உட்கார்ந்தாள். முதல் முயற்சியில் விழுந்தாள். இரண்டாவது முயற்சியில் பள்ளத்தைத் தாண்டினாள். அடுத்த பள்ளத்தையும் தாண்டினாள்.

“என்னக்கா மாத்தினீங்க?” என்று கேட்டாள்.

“உன் கையை மாத்தலை” என்றாள் அக்கா.

போட்டியில் அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. தங்கை மட்டும், போட்டி முடிந்து விளக்கை அணைக்கும்வரை அந்த மேசையைவிட்டு எழவில்லை.